பதினான்கு வயதுத் தபுதாரர்

ஐக்கிய அமெரிக்காவில் 1950 ஆம் ஆண்டு குடிசன மதிப்பு எடுக்கப்பட்டது. பதினைந்து கோடிக்கு மேற்பட்ட மக்களின் விபரங்கள் துளை அட்டைகளிற் பதியப்பெற்று, இயந்திரங்களால் எண்ணப்பெற்று, தடித்த நூல்களாக வெளிவந்தன. அந்நூல்களிலுள்ள அட்டவணைகளைப் பிறின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அன்ஸ்லி கோல், பிரெடெரிக் ஸ்டீபன் என்னும் இரு அறிஞர்கள் ஆராய்ந்தபோது ஒரு விந்தையைக் கண்டனர். மனைவியை இழந்த ஆண்களின் கணக்கில், பதினான்கு வயதுப் பிள்ளைகள் 1,670 பேர் இருந்தனர். பதினைந்து வயதில் 1,475 பேர். பதினாறில் 1,175 பேர். வயது ஏற ஏறத் தபுதாரர் தொகை கூட வேண்டும் என்பது உலக வழக்கம். இங்கோ அது குறைந்துகொண்டு சென்றது. இருபத்திரண்டாம் வயதை அடைந்த பின்னரே அத்தொகை பதினான்கு வயதினரின் தொகையை விஞ்சியது.

மீசை அரும்பாத பிள்ளைகள் ஆயிரத்து அறுநூறு பேர் மணமுடித்து, மனைவியரைப் பறிகொடுத்துத் தனித்து வாழ்ந்தனர் என்றால் யார்தான் நம்புவர்? நூலோ அரசாங்கத்தின் நூல். எண்களைக் கூட்டிப் பார்த்தாற் பிழையேதும் இல்லை. ஆயினும் அந்த எண்களிற் பெரும்பகுதி பொய் என்பது தெளிவு. அப்பொய் எங்கிருந்து வந்தது என்பதைக் கோலும் ஸ்டீபனும் துப்புத்துலக்கி, 1962 ஆம் ஆண்டிற் புள்ளிவிபர ஆய்வேடு ஒன்றில் ஒரு கட்டுரையாக எழுதினர்.

அவர்கள் கண்ட விடை மிகச் சிறியது. துளை அட்டையில் ஒவ்வொரு விபரத்துக்கும் ஓர் இடம் உண்டு. குடும்பத் தலைவருக்கு என்ன முறை என்பது முதலில், அடுத்து இனம், அடுத்துப் பால், பின்னர் வயதுக்கு இரண்டு இடங்கள், அதன் பின்னர் மணநிலை. மிகச் சில அட்டைகளில் மட்டும் துளைகள் ஓரிடம் வலப்புறம் தள்ளி விழுந்துவிட்டன. ஓரிடம் தள்ளினால் நேர்வதை நேயர்கள் மனக்கண்ணிற் காணலாம். ஆண் என்பதைக் குறிக்கும் 1 என்னும் இலக்கம் வயதின் பத்தாமிடத்திற் போய் அமரும். நாற்பத்திரண்டு வயதினர் ஒருவரின் 4 என்னும் இலக்கம் வயதின் ஒன்றாமிடத்துக்கு நகரும். ஆகவே நாற்பதுகளில் உள்ள ஆண்மகன் பதினான்கு வயதுப் பிள்ளையாகிவிடுவான். ஐம்பதுகளில் உள்ளவன் பதினைந்து வயதினனாவான். அறுபதுகளில் உள்ளவன் பதினாறு வயதினனாவான். எஞ்சிய 2 என்னும் இலக்கம் மணநிலைக்குரிய இடத்தில் விழுந்து, அங்கே வேறொரு பொருளைப் பெறும். வாழ்ந்து முதிர்ந்த மனிதரை ஒரு துளையின் பிசகு இளமைக்குத் திருப்பியனுப்பியது மட்டுமன்றி, அவருட் பலரின் மனைவியரையுங் கொன்றுவிட்டது.

இன்னுமொரு விந்தையும் அதே பிசகால் விளைந்தது. குடும்பத் தலைவரின் பிள்ளை என்னும் முறையைக் குறித்த இலக்கம், இனத்துக்குரிய இடத்தில் விழுந்தபோது அமெரிக்கப் பூர்வ குடியினர் என்று பொருள்பட்டது. அதனாற் பூர்வ குடியினரின் கணக்கில் 10 தொடக்கம் 14 வரையிலும், 20 தொடக்கம் 24 வரையிலும் உள்ள வயதுப் பிரிவுகளில், இல்லாத மனிதர் பலர் பிறந்தனர். பூர்வ குடியினரின் மொத்தத் தொகை சிறியது. ஆகையாற் கோடிக்கணக்கான அட்டைகளுட் சிலவற்றில் நேர்ந்த பிழை, அச்சிறு சமூகத்தின் கணக்கை மாத்திரம் வெகுவாகக் குலைத்துவிட்டது. பெருங்கூட்டத்தின் நடுவே பிழை கரைந்துபோகும். சிறுபான்மையோரின் கணக்கிலோ அது மலைபோல் எழுந்து நிற்கும். புள்ளிவிபரத்தை வைத்தே பாடசாலையும் மருத்துவமனையும் நிதியும் பங்கிடப்படும் உலகில் இதைச் சிறு விடயம் என்று தள்ளிவிட இயலாது.

இத்தகைய பிழைகளைத் தடுப்பதற்கு ஒரு விதி இருந்திருக்கக்கூடாதா என்று கேட்கத் தோன்றும். விதிகள் இருந்தன. பொருந்தாத விபரங்களைக் கொண்ட அட்டைகளை இயந்திரமே ஒதுக்கித் தள்ளியது. ஆனால் பதினான்கு வயதுக்கு மேற்பட்டோர்க்கு மணநிலை உண்டு என்பது அக்கணக்கின் எல்லை. பதினான்கு வயதில் ஒருவன் தபுதாரனாவது அரிதேயன்றி, முற்றாக இயலாததன்று. தனி ஓர் அட்டையைப் பார்த்து அதனைப் பொய் என்று சொல்ல எந்த விதியாலும் முடியாது. ஆயிரம் அட்டைகளை ஒருங்கே பார்த்தால் மாத்திரமே அது பொய் என்பது புலப்படும். பதினான்கு வயதுத் தபுதாரர் தொகை இருபது வயதுத் தபுதாரர் தொகையை விஞ்சக்கூடாது என்றொரு விதி எழுதப்பட்டிருப்பின், அச்சகத்துக்குப் போகுமுன்னரே பிழை அகப்பட்டிருக்கும். அவ்விதி எவருடைய மனத்திலாவது இருந்திருக்கலாம். ஏட்டில் இருக்கவில்லை.

மனத்திலுள்ள விதிக்கும் ஏட்டிலுள்ள விதிக்கும் உள்ள வேறுபாடுதான் இன்றைய பேச்சின் பொருள். எந்த அலுவலகத்திலும் பழைய எழுதுவினைஞர் ஒருவர் இருப்பார். பாடசாலைச் சேர்விடாப்பைப் புரட்டும்போது, முதலாந் தரத்திற் சேர்ந்த பிள்ளையின் பிறந்த ஆண்டு தவறு என்பதை அவர் ஒரு பார்வையிற் கண்டுகொள்வார். தகப்பனின் பிறந்த ஆண்டைப் பிள்ளைக்கு எழுதிவிட்டார்கள் என்றுஞ் சொல்வார். எப்படித் தெரிந்தது என்று கேட்டால், 'பார்த்தவுடன் தெரிகிறதே' என்பார். அவர் அறிந்த விதிகள் நூறு இருக்கும். அவர் இளைப்பாறும் நாளில் மாலை அணிவித்து, தேநீர் விருந்து வைத்து, வாசல்வரை சென்று வழியனுப்புவார்கள். அந்த நூறு விதிகளும் அவருடனேயே வீட்டுக்குப் போய்விடும்.

கணினி வந்தபின் இக்குறை தீர்ந்தது என்று பலர் எண்ணினர். தீரவில்லை, இடம் மாறியது. எழுதுவினைஞரின் மனத்திலிருந்த விதி, செய்நிரல் எழுதுபவரின் கைக்குப் போயிற்று. அவர் அதைத் தம் செய்நிரலின் உள்ளே, 'இப்படியானால் அப்படிச் செய்க' என்னும் நூற்றுக்கணக்கான கட்டளைகளின் நடுவே புதைத்துவிட்டார். துறையறிந்தவர் செய்நிரலை வாசிக்க அறியார். செய்நிரலை எழுதியவரோ துறையை அறியார். விதி மாறவேண்டிய நாளில், அது எந்தக் கட்டளைக்குள் ஒளிந்திருக்கிறது என்று தேடுவதே பெரும்பாடு.

இலங்கையர் ஒவ்வொருவரும் தம்முடன் கொண்டுசெல்லும் தேசிய அடையாள அட்டையின் இலக்கத்தை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். பழைய இலக்கத்தில் ஒன்பது எண்களும் இறுதியில் ஓர் ஆங்கில எழுத்தும் உண்டு. முதலிரண்டு எண்கள் பிறந்த ஆண்டைக் குறிப்பன. அடுத்த மூன்றும், அவ்வாண்டின் எத்தனையாவது நாளிற் பிறந்தார் என்பதைக் காட்டுவன. பெண்ணாயின் அதனுடன் 500 கூட்டப்படும். 1960 ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாந் திகதி பிறந்த பெண்மணியின் இலக்கம் 60532 என்று தொடங்கும். இதிலிருந்தே சில விதிகள் பிறக்கின்றன. அம்மூன்று எண்களும் 366 ஐத் தாண்டி 501 ஐ எட்டாதிருத்தல் ஆகாது. 866 ஐத் தாண்டுதலும் ஆகாது. படிவத்தில் ஆண் என்றிருக்க, இலக்கத்தில் 532 என்றிருந்தால் இரண்டில் ஒன்று பிழை. பெப்ரவரி மாதத்துக்கு எக்காலத்தும் 29 நாள் என்று கொண்டே இக்கணக்கு அமைகிறது. அதை அறியாமல், சாதாரண நாட்காட்டியை வைத்து விதி எழுதிய இளைஞர் ஒருவர், லீப் வருடம் அல்லாத ஆண்டொன்றில் மார்ச்சு மாதத்திலும் அதன் பின்னரும் பிறந்த அனைவரையும் ஒரு நாள் பிந்திப் பிறந்தவராக்கிவிடுவார். அவர்களின் பிறப்புச் சான்றிதழ்களைப் பிழை என்றுஞ் சாதிப்பார்.

2016 ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி தொடக்கம் இந்த இலக்கம் பன்னிரண்டு எண்களாக மாறியது. ஆண்டு நான்கு எண்களால் எழுதப்படலாயிற்று. இறுதி எழுத்து நீங்கியது. பழைய அட்டைகளோ தொடர்ந்து செல்லுபடியாகும். 'பத்தாமிடத்தில் எழுத்து இருத்தல் வேண்டும்' என்னும் விதி ஒரே ஏட்டில் ஒரே இடத்தில் எழுதப்பட்டிருந்தால், அதை ஒரு பிற்பகலில் திருத்திவிடலாம். நூறு செய்நிரல்களில் நூறு பேரால் நூறு விதமாக எழுதப்பட்டிருந்தால், அவற்றுட் சில திருத்தப்படாமலே எஞ்சும். புதிய அட்டை பெற்ற பதினாறு வயதுப் பிள்ளை கருமபீடத்தில் நின்று, தன் இலக்கத்தை இயந்திரம் ஏற்க மறுப்பதைக் காண நேரும். பிள்ளையிடத்திற் குற்றமில்லை. அட்டையிலுங் குற்றமில்லை. எவரோ என்றோ எழுதி மறந்த விதியே அங்கு வழிமறித்து நிற்கிறது.

விதியைச் செய்நிரலினின்றும் பிரித்தெடுத்துத் தனியே வைக்கவேண்டும் என்னும் எண்ணத்துக்கு உறுதியான அடித்தளமிட்டவர்களுள் ஐவன் பெலெகி முதன்மையானவர். ஹங்கேரியிற் பிறந்து, 1956 ஆம் ஆண்டின் எழுச்சிக்குப் பின்னர் கனடாவுக்குக் குடிபெயர்ந்து, அந்நாட்டின் புள்ளிவிபரத் திணைக்களத்திற் சேர்ந்து, 1985 தொடக்கம் 2008 வரை அதன் தலைமைப் பதவியை வகித்தவர் அவர். அவரும் டேவிட் ஹோல்ற் என்பவரும் சேர்ந்து 1976 ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை, இத்துறையில் இன்றும் எடுத்தாளப்படுகிறது. எந்த விபரங்கள் ஒன்றோடொன்று சேரக்கூடாது என்பதைத் துறையறிந்தோர் எளிய கூற்றுகளாக எழுதித் தரட்டும். அக்கூற்றுகளை அட்டவணையாக வைத்திருப்போம். இயந்திரம் அவற்றை எடுத்து வாசித்து, எந்த விபரத்தைத் திருத்தவேண்டும் என்பதைத் தானே கண்டுகொள்ளட்டும் என்பது அவர்கள் வகுத்த வழி. எல்லா விதிகளும் நிறைவேறுமாறு, மிகக் குறைந்த விபரங்களையே மாற்றவேண்டும் என்றும் அவர்கள் வற்புறுத்தினர். மனிதர் சொன்ன விடையைக் கூடியவரை தொடாதே என்பது இதன் உட்பொருள்.

விதிகளை ஒரே இடத்தில் அடுக்கிவைப்பதால் விளையும் இன்னொரு நன்மையையும் அவர்கள் எடுத்துக்காட்டினர். பதினைந்து வயது நிரம்பாதவர் மணமானவராக இருத்தல் ஆகாது என்பது ஒரு விதி. தற்போது மணவாழ்வில் இல்லாதவர், குடும்பத் தலைவரின் கணவராகவோ மனைவியாகவோ குறிக்கப்படல் ஆகாது என்பது மற்றொரு விதி. இவ்விரண்டையும் பக்கத்திற் பக்கத்தில் வைத்தால், எவரும் எழுதாத மூன்றாவது விதியொன்று தானாகப் பிறக்கிறது. பதினைந்து வயது நிரம்பாதவர் குடும்பத் தலைவரின் கணவராகவோ மனைவியாகவோ இருத்தல் இயலாது. வெவ்வேறு செய்நிரல்களில் வெவ்வேறு மூலைகளிற் கிடக்கும் விதிகள் இவ்வாறு பேசிக்கொள்வதில்லை. அவை ஒன்றோடொன்று முரண்பட்டாலும் எவருக்குந் தெரியாது. 'இதைவிடக் கூடுதலாயிருத்தல் வேண்டும்' என்று ஒன்றும் 'இதைவிடக் குறைவாயிருத்தல் வேண்டும்' என்று இன்னொன்றும் கட்டளையிட்டால், உலகில் எந்தப் பதிவும் தேறாது. பிழை பதிவில் இருப்பதாக எண்ணி அலுவலர்கள் அல்லற்படுவார்கள்.

பெலெகி வகுத்த பாதையில் வந்த கருவி ஒன்றை நெதர்லாந்திற் காணலாம். அந்நாட்டின் மத்திய புள்ளிவிபரப் பணியகத்தைச் சேர்ந்த மார்க் வான் டெர் லூ, எட்வின் டி யோங்க என்னும் இருவர், 'ஆர்' என்னும் கணினி மொழியில் 'வலிடேற்' என்றொரு சரிபார்ப்புக் கருவியை ஆக்கி, எவரும் விலையின்றி எடுத்துப் பயன்படுத்துமாறு வெளியிட்டுள்ளனர். இக்கருவியில் விதியே ஒரு பொருளாக மதிக்கப்படுகிறது. அது செய்நிரலுக்குள் இருப்பதில்லை. மனிதர் வாசிக்கக்கூடிய எளிய எழுத்துக் கோப்பில் இருக்கிறது. ஒவ்வொரு விதிக்கும் ஒரு பெயர் உண்டு. பெயரின் கீழே விதியின் வாசகம். அதனுடன் ஒரு தலைப்பு. விதி எதற்காக என்னும் விளக்கம். எங்கிருந்து வந்தது என்னும் குறிப்பு. எழுதப்பட்ட நாளும் நேரமும். மீறப்பட்டால் அது கடும் பிழையா, எச்சரிக்கை மாத்திரமா என்பதையுங் குறித்துவைக்கலாம். பல கணக்கெடுப்புகளுக்குப் பொதுவான விதிகளை ஒரு கோப்பில் வைத்து, ஒவ்வொன்றுக்குஞ் சிறப்பாக உள்ளவற்றை வேறு கோப்பில் எழுதி, இதனை அதனுடன் சேர்த்து வாசிக்க என்று பணிக்கலாம். பொதுவிதி மாறும்போது ஓரிடத்தில் திருத்தினாற் போதும்.

சேமித்ததை மீட்டெடுப்பதும் அவ்வளவே எளிது. கோப்பின் பெயரைச் சொன்னால் விதிகள் யாவும் கருவியினுள் வந்து நிற்கும். பெயர் சொல்லி ஒரு விதியை மட்டும் அழைக்கலாம். எந்த விதிகள் வயதைத் தொடுகின்றன, எவை வருமானத்தைத் தொடுகின்றன என்று வினவலாம். பின்னர் பதிவுகளை அவ்விதிகளின் முன் நிறுத்தினால், ஒவ்வொன்றுக்கும் விடை கிடைக்கும். அவ்விடை இரண்டு வகைப்பட்டதன்று, மூன்று வகைப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது. பொருந்தியது, பொருந்தவில்லை, விபரம் இல்லாமையாற் சொல்ல இயலவில்லை. வெற்றிடத்தைப் பிழையென்றோ சரியென்றோ பொய்யாகத் தீர்ப்பளிக்காமல், அறியோம் என்று ஒப்புக்கொள்ளும் கருவி பாராட்டுக்குரியது. மனிதரிடத்திலும் இக்குணம் அரிது.

தொழில் உலகில் வேறு கருவிகளும் வழங்குகின்றன. அவற்றுள் ஒன்றுக்குச் சாள்ஸ் டிக்கன்ஸ் எழுதிய 'கிரேற் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' என்னும் நாவலின் பெயரே பெயராயிருக்கிறது. பெரும் எதிர்பார்ப்புகள் என்பது அதன் பொருள். தரவிடம் இன்னின்னதை எதிர்பார்க்கிறோம் என்று ஒவ்வொரு விதியும் ஓர் எதிர்பார்ப்பாக எழுதப்பட்டு, ஒன்றுசேர்ந்த எதிர்பார்ப்புகள் ஒரு பெயருடன் தொகுக்கப்பட்டு, கோப்புறையிலோ, தரவுத்தளத்திலோ, தொலைவிலுள்ள களஞ்சியத்திலோ வைக்கப்படும். சோதனை நடக்கும் நாளில் அப்பெயராலே அழைக்கப்படும். நூற்றுக்கு நூறு பொருந்தவேண்டியதில்லை, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பொருந்தினாற் போதும் என்று ஓர் எதிர்பார்ப்பைத் தளர்த்தி எழுதவும் அதில் இடமுண்டு. பதினான்கு வயதுத் தபுதாரர் போன்ற, தனித்தனியே நோக்கினால் நிகழக்கூடியனவும் கூட்டமாக நோக்கினால் நம்பமுடியாதனவுமான விடயங்களுக்கு இத்தகைய தளர்ந்த விதியே ஏற்றது.

கருவி எதுவாயினும், விதியைச் சேமிப்பவர் பெரும்பாலும் விட்டுவிடுவது ஒன்றுண்டு. அது காரணம். வாசகத்தை எழுதுவார்கள், பெயரையும் இடுவார்கள், விளக்கத்துக்கென விடப்பட்ட இடமோ வெறுமையாகவே கிடக்கும். ஐந்து ஆண்டுகளின் பின்னர் அவ்விதியைக் கோப்பிலிருந்து எடுப்பவர், 180 இலும் குறையக்கூடாது என்னும் எண்ணைக் காண்பார். ஏன் 180, ஏன் 170 அன்று, யார் சொன்னது என்பதற்கு விடை இராது. காரணம் அறியாத விதியை மாற்றவுந் துணிவு வராது. நம்பவும் மனம் ஒப்பாது. காலமும் அவ்வாறே பதியப்படவேண்டும். இன்றைய விதியைக் கொண்டு 1990 ஆம் ஆண்டின் பதிவைச் சோதித்தால், ஒன்பது எண் அடையாள இலக்கங்கள் யாவுங் குற்றமாகும். எந்தக் காலத்துப் பதிவோ, அந்தக் காலத்து விதியை மீட்டெடுக்கும் வசதி வேண்டும். ஆகவே விதி மாறும்போது பழையதை அழித்து அதன்மேற் புதியதை எழுதுதல் ஆகாது. பழையதையும் அதற்குரிய காலத்துடன் வைத்துக்கொள்ளல் வேண்டும்.

180 என்னும் எண் இங்கே கற்பனையாக வந்ததன்று. வானத்தில், பூமியைச் சூழ்ந்து ஓசோன் என்னும் வாயு மெல்லிய போர்வையாக அமைந்து, ஞாயிற்றின் கடுங்கதிர்களைத் தடுத்துக் காக்கிறது. அதன் அளவை டொப்சன் அலகால் அளப்பர். அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா 1978 ஆம் ஆண்டில் நிம்பஸ் 7 என்னும் செய்மதியை ஏவி, அதிலிருந்து உலகெங்கும் ஓசோனை அளந்துவந்தது. வந்து குவியும் அளவுகளுட் பிழையானவற்றை இனங்காண ஒரு விதி வைக்கப்பட்டிருந்தது. 180 அலகுக்குக் குறைந்த அளவு எதுவும் ஐயத்துக்குரியது எனக் குறியிடப்படும் என்பதே அவ்விதி. அதற்கு முன்னர் அவ்வளவு குறைந்த ஓசோனை எவருங் கண்டதில்லை. அதுவே காரணம்.

1983 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்துக்குரிய அளவுகளை 1984 இல் விஞ்ஞானிகள் ஆராய்ந்தபோது, தென் துருவத்துக்கு மேலே அந்த ஐயக் குறிகள் கூட்டங்கூட்டமாக விழுந்திருந்தன. கருவி பழுதாயிற்றோ என்று அவர்கள் ஐயுற்றனர். தென் துருவத்திலேயே நிலத்தில் நின்று அளக்கும் நிலையம் ஒன்று உண்டு. அதன் கணக்கைப் பார்த்தனர். அங்கே 300 அலகு என்றிருந்தது. ஆகவே செய்மதியே தவறியது என்று எண்ண இடமாயிற்று. பின்னரே தெரியவந்தது, தவறியது நிலத்திலிருந்த கருவிதான் என்பது. தவறான அமைப்பில் வைத்து அதிலே அளந்திருந்தனர். இதற்கிடையில், அந்தாட்டிக்காவின் ஹலி நிலையத்தில் ஆண்டாண்டாகப் பழைய முறையிலான கருவி கொண்டு அளந்துவந்த பிரித்தானியர்களான ஜோசப் பார்மன், பிறையன் கார்டினர், ஜொனதன் ஷாங்க்ளின் ஆகிய மூவரும், ஒவ்வோர் ஒக்டோபரிலும் ஓசோன் அளவு முன்னையிலும் வெகுவாகக் குறைந்துவருவதை 1985 ஆம் ஆண்டு மே மாதத்தில் 'நேச்சர்' இதழில் உலகுக்கு அறிவித்தனர்.

நாசாவின் கணினி அந்த அளவுகளைக் குப்பையென்று வீசியெறிந்துவிட்டது என்று ஒரு கதை பலராற் சொல்லப்படுவதுண்டு. அது உண்மையன்று. விதி குறியிட்டதேயன்றி அழிக்கவில்லை. ஐயத்துக்குரியவை என்னும் குறியுடன் ஒவ்வோர் அளவும் அதற்குரிய இடத்தில், அதற்குரிய நாளுடன் பத்திரமாக இருந்தது. அவற்றுக்கு ஏன் குறியிடப்பட்டது, எந்த எண்ணின் கீழ் இறங்கியதாற் குறியிடப்பட்டது என்பதையும் விதியை எடுத்துப் பார்த்து அறிய முடிந்தது. முன்னர் எவருங் காணாமை என்பது ஒரு காரணமேயன்றி, இனி எவருங் காணார் என்பதற்குச் சான்றாகாது என்பதை உணர்ந்தபோது, பழைய பதிவுகளை மீண்டும் எடுத்துக் கணித்தார்கள். குறியிடப்பட்டுக் கிடந்த அந்த எண்களைக் கொண்டே, துருவத்தின் மீது விழுந்திருந்த பெருந்துவாரத்தின் படம் வரையப்பட்டது.